விதையைக் காயவிடாதீர்கள்: காயாச் செடி பற்றி வாசகர் கேள்விகள்

நீல நிறத்தில் பூக்கும் நாட்டுச் செடிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது காயாவைப் பற்றி இரண்டே வரிதான் சொல்லியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு வேலியில் படரும் சங்குப்பூவைத்தான் காயாம்பூ என்று சிறு வயதிலிருந்து நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வேறு ஏதோ செடி போலிருக்கிறது. காயா உண்மையில் எது? எப்படி அடையாளம் காண்பது? (வாசகி, சிதம்பரம்)

பதில்: சங்குப்பூ ஒரு கொடி. அதன் பழைய பெயர் கருவிளை. நிறம் ஒத்திருப்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காயா கொடியல்ல, கட்டை உறுதியான பசுமைமாறாப் புதர். வெட்டு விழும் இடத்தில் ஆள் உயரத்தில் நிற்கும். வெட்டாமல் விட்டால் 15, 20 அடிச் சிறு மரமாகிவிடும். தாவரவியலில் மெமிசிலான் அம்பெல்லேட்டம். காசா, காசான், அஞ்சனி என்றும் சொல்வார்கள். தெலுங்கில் இதற்கு அல்லி என்று பெயர். எனவே ஆந்திர நண்பர் யாராவது அல்லிச் செடி என்றால் குளத்தைத் தேடிப் போக வேண்டாம்.

முதலில் இலையைப் பாருங்கள். இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். தடித்து, தோல் போல் விறைப்பாக, மேற்புறம் கரும்பச்சையில் பளபளக்கும். நீளம் 4 முதல் 9 சென்டிமீட்டர். காம்பு மிகக் குட்டை. நடுநரம்பு மட்டும் தெளிவாகத் தெரியும், பக்க நரம்புகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இன்னொரு நல்ல அடையாளம், இலை காய்ந்த பிறகும் பழுப்பாகாமல் மஞ்சள் கலந்த பச்சையாகவே இருப்பது. இலையில் அலுமினியம் சேர்வதுதான் காரணம். சாயத்துக்கு இந்த இலை பயன்பட்டதற்கும் அதுவே காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

பூ இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலைக் கக்கத்திலும், இலை உதிர்ந்துபோன பழைய கிளைக் கணுக்களிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தனிப் பூ மிகச் சிறியது. நான்கு இதழ், எட்டு மகரந்தத் தாள், இளஞ்சிவப்புக் காம்பு. நீலமும் ஊதாவும் கலந்த நிறம். செடி முழுவதும் ஒரே சமயத்தில் பூத்து, சில நாளில் கொட்டிவிடும். அப்போது புதரடி மண்ணே நீலமாக இருக்கும். முல்லைப்பாட்டு ‘செறியிலைக் காயா அஞ்சனம் மலர’ என்கிறது. இலை நெருக்கம், பூவின் மை நிறம் இரண்டுமே இந்த நான்கு சொல்லில் வந்துவிட்டன. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்பதும் இந்த நிறத்தை வைத்துத்தான்.

கேள்வி: காயாவை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்? மலைக்காட்டில்தான் இருக்குமா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: நீங்கள் மலைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும், கிழக்குத் தொடர்ச்சி மலையிலும், இலங்கையிலும் காயா உண்டு. ஆனால் அது ஆட்சி செலுத்தும் இடம் சோழமண்டலக் கரையை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காடு. வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆண்டில் பாதிக்கு மேல் மழையே இல்லாமலும் இலை உதிர்க்காமல் நிற்கிற காடு இது. 1968இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதைத் தனி வகையாக, ஏழாவது தொகுதியாக வைத்தார்கள். காயாவோடு குருந்து, வீரை, பாலை, உசில், களா, காரை ஆகியவை கலந்து வளரும். காடு உயரமில்லை, ஆனால் உள்ளே நுழைய இடம் விடாத நெருக்கம்.

இந்தக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சிறு சிறு துண்டுகள். அவற்றில் பெரும்பாலானவை கோயில் காடுகள். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் காயாதான் அதிக எண்ணிக்கையில் நிற்கும் செடிகளில் ஒன்று. சென்னைக்காரர்கள் கிண்டியில் பார்க்கலாம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் உண்டு. ஆரோவில்லில் பல பத்தாண்டுகளாக இந்தக் காட்டு மரங்களை மறுபடி வளர்த்து வருகிறார்கள், அங்கும் காணலாம்.

பூக்கும் காலம் இடத்துக்கு இடம் மாறும். கடற்கரைப் பகுதியில் கோடையில், ஒரு மழை விழுந்த பிறகு, திடீரென்று பூத்து நிற்கும். ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பூக்கும் இடங்களும் உண்டு. பூத்திருக்கும்போது காலை வெயில் ஏறுமுன் போங்கள். நீலப்பட்டைத் தேனீயும் தச்சுவண்டும் பூவைப் பிடித்துக்கொண்டு ‘ஙீ’ என்று உடம்பை அதிரவைப்பதைக் கேட்கலாம். அந்த அதிர்வில்தான் மகரந்தப் பையிலிருந்து தூள் கொட்டும். கேட்கத் தெரிந்தவருக்குக் காயா பூத்த காடு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

கேள்வி: நூறு விதை போட்டேன். மூன்று மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்தும் பார்த்தாயிற்று. என்ன தவறு? (வாசகர், விருத்தாசலம். இதே கேள்வியை மதுரை, நாகப்பட்டினம் வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: விதையை நீங்கள் காயவைத்திருப்பீர்கள். அல்லது உங்களுக்குக் கொடுத்தவர் காயவைத்திருப்பார். காயா வளர்க்க முயன்று தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். வேம்பையும் நாவலையும் வளர்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அவற்றைப் போலவே இதுவும் ஈரம் போனால் உயிர் போகும் விதை. வன்னி, உசில் போன்றவற்றின் விதைக்குக் கெட்டியான தோல் உண்டு, அதை இளக்கத்தான் வெந்நீர். காயா விதைக்குள் பருத்த வித்திலைகள் சுருட்டி மடித்து வைத்தாற்போல் இருக்கும். நீர் நிறைந்த அந்தத் திசு காய்ந்து சுருங்கினால் மீளாது. அதன் மேல் வெந்நீரும் ஊற்றினால் மிச்சமிருந்த உயிரும் வெந்துபோகும்.

செய்ய வேண்டியது இதுதான். காய் முதலில் பச்சையாக இருக்கும். பிறகு மஞ்சளும் சிவப்புமாக மாறி, கடைசியில் கருநீலமாகக் கறுக்கும். பட்டாணி அளவு, உச்சியில் சிறு கிரீடம் போல் புல்லிவட்டத்தின் மிச்சம் நிற்கும். நன்றாகக் கறுத்து, விரலால் தொட்டதும் கழன்று வருவதை மட்டும் பறியுங்கள். சிவப்பிலேயே பறித்தால் முளைத் திறன் குறைவு. கறுத்த பிறகு காத்திருந்தால் கொண்டைக்குருவிகள் முந்திக்கொள்ளும். ஆகவே பழுக்கும் நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

பறித்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள், பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து சதையைக் கழுவிவிடுங்கள். சதையோடு விதைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் இழுத்துப் போகும். ஒரு பழத்தில் பெரும்பாலும் ஒரே விதை. நீரில் மிதப்பவற்றை நீக்கிவிடுங்கள். எடுத்த விதையை வெயிலில் வைக்காதீர்கள், காகிதத்தில் பரப்பவும் வேண்டாம். வெளியூருக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தால் பழமாகவே எடுத்துப் போங்கள். உரித்த விதையென்றால் ஈரத் தேங்காய்நார்க் கழிவில் புதைத்து, துளையிட்ட டப்பாவில் வைக்கலாம். அதுவும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

விதைப்பதற்கு ஆற்று மணலும் இலைமக்கும் சரிபாதி கலந்த தட்டு நல்லது. விதையின் பருமன் அளவுக்கு, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள், மண் மூடினால் போதும். நிழலில் வைத்துப் பூவாளியால் தினம் ஒருமுறை நீர் விடுங்கள். மேல் மண் உலரக்கூடாது, தட்டின் அடியில் நீரும் தேங்கக்கூடாது. முளைப்பு ஒரே சீராக இருக்காது. சில விதைகள் சில வாரத்தில் எழும்பும், சில மாதக்கணக்கில் இழுக்கும். பாதி முளைத்ததும் தட்டைக் கொட்டிவிட்டு, மறுவாரம் குப்பையில் முளை நிற்பதைப் பார்த்து வருந்துவோர் உண்டு. ஆறு மாதமாவது தட்டைக் கலைக்காதீர்கள்.

நான்கு இலை விட்டதும் 6 அங்குல அகலம், 9 அங்குல உயரமுள்ள பைக்கு மாற்றலாம். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, இலைமக்கு 1 பங்கு. மாற்றும்போது ஆணிவேர் மடங்கினால் செடி ஒரு வருடம் அப்படியே நிற்கும். குச்சியால் ஆழமாகத் துளையிட்டு, வேரை நேராகத் தொங்கவிட்டு, மண் அணையுங்கள். முதல் ஆண்டில் ஒரு சாண் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. வேகப்படுத்த யூரியா போட்டால் இளஞ்செடி கருகிவிடும்.

போத்து வெட்டி நட்டால் வராதா என்று மதுரை வாசகர் கேட்கிறார். எளிதில் வேர்விடாது. விதையே நம்பகமான வழி.

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் சுக்கான் மண் நிலம். ஒரு ஓரத்தில் உயிர்வேலியாகக் காயா வைக்கலாமா? எப்போது, எப்படி நடுவது?

பதில்: நன்றாக வடியும் செம்மண்ணும் செம்புறை மண்ணும் காயாவுக்கு மிகப் பிடித்தவை. கடலோர மணலிலும் வரும். நீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும். சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் நிலத்தில் புது இலைகள் மஞ்சளாக வெளிறி, செடி ஏங்கிப் போகும். உங்கள் நிலத்தில் சுக்கான் மேலாகவே இருந்தால் காயாவை விட்டுவிட்டு நொச்சியோ கிளுவையோ வைப்பது நல்லது. இரண்டடிக்குக் கீழேதான் சுக்கான் என்றால் முயலலாம். உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீரையும் இந்தச் செடி விரும்புவதில்லை.

நடுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு வயதுக் கன்று வேண்டும். புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து ஆறவிட்டு, ஐப்பசியில் பருவமழை பிடித்ததும் நடுங்கள். குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய இலை அல்லது தொழு உரம் கலந்தால் போதும். வேலிக்கு மூன்றடி இடைவெளி, தனிச் செடிக்கு எட்டு முதல் பத்தடி.

முதல் இரண்டு கோடைதான் கண்டம். காட்டில் இது பெரிய புதர்களின் நிழலில் முளைத்துத்தான் மேலே வருகிறது. வெட்டவெளியில் தனியாக நட்டால் சித்திரை வெயிலில் இலை பழுத்துக் கொட்டிவிடும். அதனால் தெற்கிலும் மேற்கிலும் துவரையோ அகத்தியோ ஒரு வரிசை போடுங்கள். மூன்றாம் ஆண்டு அவற்றை எடுத்துவிடலாம். வாரம் ஒருமுறை ஒரு குடம் நீர், தண்டை ஒட்டாமல் நான்கு அங்குல கனத்துக்குச் சருகு மூடாக்கு. மூன்றாம் கோடையிலிருந்து தானே பார்த்துக்கொள்ளும். இலை துவர்க்கும், விறைப்பாகவும் இருக்கும். ஆனாலும் இளங்கன்றை ஆடு விட்டுவைக்கும் என்று நம்பாதீர்கள், முள் வளையம் கட்டுங்கள்.

உடனடி வேலி தேவையென்றால் காயா வேண்டாம். பத்து ஆண்டு பொறுக்கத் தயாராக இருப்பவருக்கு, அடி முதல் நுனி வரை அடர்ந்த, வறட்சிக்கு அசையாத வேலி கிடைக்கும்.

கேள்வி: நாற்றங்காலில் வாங்கி வைத்து ஏழு வருடம் ஆகிறது. செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை. (வாசகி, தாம்பரம்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் செடி உருண்டையாக, ஒழுங்காகக் கத்தரித்திருக்கிறது. காரணம் அதுதான். காயா புதுத் துளிரின் நுனியில் பூப்பதில்லை. முற்றிய கிளையின் கணுக்களில் பூக்கும். ஒரே கணு பல முறை பூத்துப் பூத்து முடிச்சுப் போல் தடிக்கும். மாதா மாதம் கத்தரி போட்டால் கிளை முற்றவே வழியில்லை. ஒன்றரை வருடம் கத்தரியைத் தொடாதீர்கள். பிறகும் வெட்ட வேண்டுமென்றால் பழம் முடிந்த உடனே, உள்ளே குறுக்கிடும் கிளைகளை மட்டும் அடியோடு எடுங்கள். செடிக்கு நாளில் ஐந்து மணி நேரமாவது வெயில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். நிழலில் உயிரோடு இருக்கும், பூ குறையும். விதைக் கன்று பூப்புக்கு வர எப்படியும் ஐந்தாறு ஆண்டு ஆகலாம் என்பதால் உங்கள் செடிக்கு வயதுக் குறை இல்லை.

கேள்வி: இலை மேல் கரி பூசினாற்போல் கறுப்பு. நோயா?

பதில்: நோயின் மேல் வந்த நோய். இலையடியிலும் காம்பிலும் செதிள்பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை விடும் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பு வரிசை ஏறினால் இன்னும் உறுதி. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய ஒரு சிட்டிகை காதி சோப்பு. மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். எறும்பைத் தடுக்காமல் மருந்து மட்டும் அடித்தால் மறுபடி வரும்.

கேள்வி: காயா இலையில் துணிக்குச் சாயம் போடலாமென்று படித்தேன். வீட்டில் செய்ய முடியுமா? (வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: முடியும். இலை மட்டும் போட்டால் மஞ்சள் கிடைக்கும். ஆனால் பழைய சாயக்காரர்கள் காயா இலையை மதித்தது மஞ்சளுக்காக மட்டுமல்ல. சோழமண்டலக் கரையின் பெயர்பெற்ற சிவப்பு, சாயவேர் என்ற சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. அந்தச் சிவப்பு துணியில் ஒட்டி நிற்க அலுமினியம் வேண்டும். படிகாரத்தில் இருப்பதும் அதுதான், காயா இலையில் இருப்பதும் அதுதான். பாய்க் கோரைக்கு ஆழ்ந்த சிவப்பேற்றவும் கடுக்காய், பதிமுகம் என்ற சிவப்புச் சாயக் கட்டை இவற்றோடு காயா இலையைச் சேர்த்தார்கள்.

முதல் முயற்சிக்கு 100 கிராம் பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, கஞ்சி முழுவதும் போக அலசுங்கள். கஞ்சி மிச்சமிருந்தால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும். 20 கிராம் கடுக்காய்த் தூளை மூன்று லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, துணியை ஓர் இரவு ஊறவிட்டு, பிழிந்து, அலசாமல் உலர்த்துங்கள். 100 கிராம் காய்ந்த காயா இலையை நொறுக்கி, நான்கு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். வடிநீரில் துணியைப் போட்டு, ஆவி பறக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டேயிருந்து, அதிலேயே ஆறவிடுங்கள். நிழலில் உலர்த்தி, இரண்டு நாள் கழித்து அலசலாம்.

சிவப்பு வேண்டுமென்றால் இதே துணியைச் சாயவேர் நீரில் இட்டு, சூட்டை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டால் நிறம் பழுப்படிக்கும். சிவப்புக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள நீர் உதவும், மழைநீரில் நிறம் எழும்பாது.

பாத்திரம் எவர்சில்வராகவோ மண்ணாகவோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் செய்தால் கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து துணி சாம்பல் கறுப்பாகிவிடும். இலைக்காகச் செடியை மொட்டையடிக்காதீர்கள். முற்றிய இலையில்தான் அலுமினியம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். உதிரப்போகும் மஞ்சளான இலையும், கீழே உதிர்ந்து மக்காமல் கிடக்கும் இலையும் போதும்.

கேள்வி: காயா இலைக் கஷாயம் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். தினம் குடிக்கலாமா? பழத்தைக் குழந்தைகள் தின்னலாமா?

பதில்: குடிக்க வேண்டாம். இலைச் சாறு சர்க்கரையைக் குறைத்ததாக 1998இல் வெளிவந்த ஆய்வு சுண்டெலிகளில் செய்தது. அதை வைத்து மனிதருக்கு அளவு சொல்ல முடியாது. மேலும் இது அலுமினியம் சேரும் இலை. சிறுநீரகம்தான் அலுமினியத்தை உடம்பிலிருந்து வெளியேற்ற வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அவர்கள் இதை நாள்தோறும் குடிப்பது நல்லதல்ல. வெள்ளைப்படுதலுக்கும் கண்ணோய்க்கும் நாட்டு வைத்தியத்தில் இந்த இலை இருந்தது உண்மை. ஆனால் வீட்டில் காய்ச்சிய எதையும் கண்ணில் விடாதீர்கள்.

பழம் வேறு கதை. நன்றாகக் கறுத்த பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் தின்பதுண்டு. துவர்ப்பும் லேசான இனிப்புமாக இருக்கும், நாக்கு கறுக்கும். செடியைச் சரியாக அடையாளம் கண்ட பெரியவர் உடனிருந்தால் நாலைந்து பழம் தரலாம்.

கேள்வி: மண்வெட்டிப் பிடிக்குக் காயாக் கட்டை உறுதி என்று என் மாமனார் சொல்வார். ஊர்க் கோயில் காட்டில் ஒன்றிரண்டு வெட்டலாமா? அங்கிருந்து கன்று பிடுங்கி வந்து வைக்கலாமா? (வாசகர், மரக்காணம்)

பதில்: உங்கள் மாமனார் சொல்வது சரி. இழை நெருங்கிய, மிகக் கடினமான கட்டை. பிடிக்கும் ஊன்றுகோலுக்கும் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் கைப்பிடிப் பருமனுக்கு ஒரு தண்டு வர எத்தனை ஆண்டு ஆகும் என்று மேலே சொன்ன வளர்ச்சியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிடிக்குக் கருவேலமே போதும்.

கன்றும் பிடுங்காதீர்கள். ஒரு சாண் கன்றுக்கு அதைவிட நீளமான ஆணிவேர் இருக்கும். அது அறுந்தால் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. காட்டுக்கும் இழப்பு, உங்களுக்கும் இல்லை. கோயில் நிர்வாகத்திடமும் ஊராரிடமும் கேட்டுக்கொண்டு, வனத்துறை நிலமென்றால் அவர்களின் அனுமதியோடு, ஒரு செடிக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் பழம் மட்டும் பறியுங்கள். மற்றது குருவிக்கு. அவை தின்று, எச்சத்தோடு களாப் புதரடியில் போடும் விதைதான் அந்தக் காட்டின் அடுத்த காயா.